தாய்மாமன் காருக்கு லைட்டு

வெள்ளைச்சாமியின் இரண்டு கால்களும் காருக்கு வெளியே இருந்தன. மீதி ஆள் பின்சீட்டில் மல்லாந்து கிடந்தார். வாயில் ஒரு ஸ்க்ரூ, கையில் ஸ்க்ரூடிரைவர், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி. உள்ளேயிருந்து 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னாங்க அது சத்தம்?" என்று வாசலில் நின்றபடி கேட்டாள் மனைவி லீலாவதி.

"மூடி."

"எந்த மூடி?"

"காருக்குள்ள மேல லைட்டு இருக்குல்ல, அதோட மூடி. ரெண்டாப் போச்சு."

"தொடங்கி அஞ்சு நிமிஷம் ஆவல. அதுக்குள்ளயா?"

"இன்னிக்குப் பூரா நீ எங்கிட்ட நல்ல வார்த்த மட்டுந்தான் பேசணும் லீலா. இது சாதாரண வேல இல்ல. மானப் பிரச்சின!"

மானப் பிரச்சினைதான். மறுநாள் காலையில் பெரம்பலூரில் அவருடைய தங்கை மருதாயியின் இளைய மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அந்தக் குடும்பத்தில் மாட்டுவண்டிக் காலத்திலிருந்து ஒரு வழக்கம்: பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை, பெண்ணின் தாய்மாமன் வண்டியில்தான் வர வேண்டும். தாய்மாமனே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வெள்ளைச்சாமிக்கு இருப்பது ஒரே தங்கை, ஒரே கார். சின்ன வெங்காய வியாபாரி என்பதால் வாரத்தில் நாலு நாள் அந்தக் காரில் மூட்டையும் ஏறும். இருபது வருஷத்து வண்டி. வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. உள்ளேதான் இருட்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் தென்றலின் கல்யாணத்தில் அந்த இருட்டு மானத்தை வாங்கிவிட்டது. வீடியோவில் இருபது நிமிஷம் கார் ஊர்ந்து வருகிறது. உள்ளே மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசைப் பல் மட்டும் தெரிகிறது. பாவம், அவர் ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்த வீடியோவைப் போடும்போதெல்லாம் சம்பந்தி வீட்டுச் சின்னப் பிள்ளைகள், "அதோ சித்தப்பா பல்லு!" என்று கை தட்டினார்கள்.

அதனால் இந்தத் தடவை மருதாயியே அண்ணனிடம் வந்து, "அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. பிரசாத்து காரே வரட்டும்ணே" என்று சொல்லிவிட்டாள்.

பிரசாத் அவள் கொழுந்தன். பெண்ணுக்குச் சித்தப்பா. போன மாதம்தான் புதுக் கார் எடுத்திருந்தான். அதற்குள்ளே அறுபத்துநாலு கலரில் லைட்டு எரியுமாம். எடுத்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் காபி குடிப்பதற்கு முன் எல்லாரையும் வெளியே அழைத்துப் போய் அறுபத்துநாலையும் காட்டிவிட்டுத்தான் உட்காருவான்.

வெள்ளைச்சாமிக்கு அது பொறுக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஒரு ராத்திரிதான், ஆனால் மருதாயியிடம் சொல்லும்போது ரெண்டு நாள் என்று சொன்னார்.

"தாய்மாமன் உசிரோட இருக்கேன், சித்தப்பன் வண்டியில மாப்ள வாறதா? எனக்கு ஒரு வாய்ப்புக் குடு மருதாயி. நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள என் காருல பட்டப் பகலாட்டம் லைட்டப் போட்டுக் காட்டுறேன். போட்டுட்டா என் காரு. போடலன்னா பிரசாத்து காரு. சரியா?"

மருதாயிக்கு அண்ணன் மேல் உயிர். "சரிண்ணே" என்றாள்.

ஊர் எலெக்ட்ரீசியன்கள் எல்லாரும் மண்டபத்தில் சீரியல் செட்டு கட்டப் போய்விட்டார்கள். இருந்தால் மட்டும் என்ன? வெள்ளைச்சாமி போனில் நாலு வீடியோ பார்த்திருந்தார். நாலிலும் ஒருவர் சிரித்த முகத்தோடு, பத்தே நிமிஷ வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொன்னார். அப்புறம் எலெக்ட்ரீசியன் எதற்கு?

குன்னத்தில் அவர் வீட்டு வாசலில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலை அது.

மூடி உடைந்தது போகட்டும். பழைய மஞ்சள் பல்பை உருவிவிட்டுப் புது எல்.இ.டி. பல்பை மாட்டினார். எரியவில்லை. திட்டினார். எரியவில்லை. லீலாவதி எட்டிப் பார்த்து, "திருப்பிப் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"பல்புல எதுடி முன்னாடி பின்னாடி?" என்று கேட்டுக்கொண்டே, அவள் உள்ளே போனதும் திருப்பிப் போட்டார். பளீரென்று எரிந்தது!

"லீலா! ஓடியா! எரியுது, எரியுது!"

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, மாலைக்குப் பதிலாகக் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, கார் மேல் கம்பளியைப் போட்டு இருட்டாக்கி, முன்பக்கத்திலிருந்து பார்த்தார். பார்த்தவர் ரெண்டடி பின்னால் நகர்ந்தார்.

"என்னாங்க, எப்படி இருக்கேன்?"

வெளிச்சம் உச்சந்தலையிலிருந்து மட்டும் இறங்கியதில் கண் இருந்த இடத்தில் ரெண்டு குழி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு நிழல். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை.

"நீ நல்லாத்தான் இருக்க. லைட்டுதான் சரியில்ல. கீழேர்ந்தும் வெளிச்சம் அடிக்கணும்."

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் போனார். கார் சாமான் கடை ராசாங்கம் பழைய பழக்கம். நாடா மாதிரி சுருட்டி வைத்திருந்த ஸ்ட்ரிப்பு லைட்டு ஒன்றை எடுத்துப் போட்டார்.

"அஞ்சு மீட்டரு. பின்னாடி பசை இருக்கு. பேப்பர உரிச்சி ஒட்டுனா முடிஞ்சிச்சு. நம்ம பையனுவள உட்டு மாட்டித் தரச் சொல்லவா?"

"வேணாம், நானே மாட்டிக்கிறேன்."

"வயரப் பாத்துத் தொடணும் அண்ணே."

"வெங்காய வியாபாரம் பாக்குறவன் நான். இருவது மூட்டையில எது அழுவுனதுன்னு மோந்து பாத்துச் சொல்லுவேன். ரெண்டு வயரு தெரியாதா?"

ராசாங்கத்துக்கு அதில் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினார்.

பதினொரு மணிக்கு ஒட்டத் தொடங்கினார். பசை ஒட்டவில்லை. வண்டிக்குள் இருபது வருஷத்து வெங்காயச் சருகு தூளாகிப் படிந்திருந்தது. ஸ்ட்ரிப்பு அதில்தான் ஒட்டிக்கொண்டதே தவிர வண்டியில் ஒட்டவில்லை. சரி, மேல்கூரைத் துணியின் ஓரத்தில் செருகிவிடலாம் என்று விரலை விட்டு நெம்பினார். அந்தத் துணியும் இருபது வருஷத்துத் துணிதானே? ஒரு மூலை பிரிந்தது. அதை அமுக்கப் போனால் அடுத்த மூலை பிரிந்தது. கடைசியில் கூரைத் துணி மொத்தமும் மெதுவாக இறங்கி வெள்ளைச்சாமியின் தலையில் முக்காடு போட்டது.

"லீலா... புடவைக்குக் குத்துற பின்னு எத்தன இருக்கு?"

"எதுக்கு?"

"இருக்கறதப் பூரா கொண்டா. கேள்வி கேக்காத."

கல்யாணத்துக்காக வாங்கி வைத்திருந்த ரெண்டு அட்டை ஊக்கும் வந்தன. துணியை மேலே தூக்கி, ஸ்ட்ரிப்பை ஓரமாகச் சுற்றி, வரிசையாகக் குத்தினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவருக்கே பெருமை தாங்கவில்லை. வயரை இணைத்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு!" என்று சொல்லி சாவியைத் திருப்பினார்.

ஸ்ட்ரிப்பு ஒரே ஒரு தடவை கண்ணடித்தது. 'டப்' என்றது. கருகிய வாசனை வந்தது. அப்புறம் மேல்பல்பு, ஹாரன், ரேடியோ எல்லாம் ஒன்றாகச் செத்துப் போயின.

குத்திய ஊக்குகளில் ஒன்று வயரைத் துளைத்து, கூரைத் தகரத்தைத் தொட்டு நின்றது. ஃபியூஸ் போய்விட்டது.

மணி ஒன்று. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள் லீலாவதி. "சோறா? இப்பயா?" என்று கத்திவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தார். வயரில் குத்திய ஊக்கை உருவிவிட்டு, வைப்பரின் ஃபியூஸைப் பிடுங்கி செத்துப்போன இடத்தில் போட்டார். மழையா பெய்யப் போகிறது? ஸ்ட்ரிப்புக்குக் கரண்டு தர, கைக்கு எட்டிய ஒரு வயரைச் சுரண்டி அதில் முறுக்கினார். சாவியைத் திருப்பினார். எரியவில்லை. ஆத்திரத்தில் ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு குத்து விட்டார்.

"பாஆஆம்!" என்று ஹாரன் அலறியது. லைட்டு பளபளவென்று எரிந்தது.

கையை எடுத்தார். ஹாரன் நின்றது. லைட்டும் நின்றது.

மறுபடியும் அமுக்கினார். ரெண்டும் வந்தன. அவர் சுரண்டியது ஹாரன் வயர். நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்ததில் எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து வீல் வீல் என்று கத்தியது.

"பரவால்லியே!" என்றாள் லீலாவதி. "இப்படியே ஓட்டிக்கிட்டுப் போங்க. மாப்ள மொகமும் தெரியும், ஹாரனும் அடிக்கும். என்னா, மண்டபம் போயி சேர்றதுக்குள்ள அவருக்குக் காது போயிரும். நாளைக்கு மேளம் கொட்டுறது கேக்காது, அவ்வளவுதான்."

வெள்ளைச்சாமி ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். மணி மூன்று ஆகியிருந்தது. 'அவ்வளவுதான். பிரசாத் காருதான். தென்றல் கல்யாணத்துல பல்லு, சுகன்யா கல்யாணத்துல ஒண்ணுமே இல்ல' என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுகன்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கெல்லாம் போனவர் அவர். அவளுக்குக் காது குத்தியது அவர் மடியில். அவள் கல்யாணத்தில் அவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமா?

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா ஆண்டவர், அரியலூரிலிருந்து.

"சம்பந்தி, நல்லாருக்கீங்களா? ஒரு விசயம். எம்மவன் ஒங்க காருலதான் வரணும்."

வெள்ளைச்சாமி சீட்டிலேயே எழுந்து நிற்கப் பார்த்து, கூரையில் முட்டிக்கொண்டார். ஒரு ஊக்கு உச்சந்தலையில் குத்தியது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

"என்னாங்க சொல்றீங்க? பிரசாத்து காருன்னுல்ல முடிவு?"

"அதெல்லாம் வேணாங்க. தாய்மாமன் மொறன்னு ஒண்ணு இருக்குல்ல? அத நாம உடக் கூடாது. ஒங்க தங்கச்சிகிட்ட பேசிட்டேன். பிரசாத்துகிட்டயும் சொல்லியாச்சு."

"சம்பந்தி... நீங்க மனுசரே இல்லீங்க, தெய்வம்!"

"அது கெடக்கட்டும். ஒங்க காருல உள்ள லைட்டு கொஞ்சம் மங்கலா எரியும்னு சொன்னாங்களே?"

வெள்ளைச்சாமிக்குச் சுருக்கென்றது. பிரசாத்தின் வேலைதான், வேறு யார்? இருந்தாலும் சமாளித்தார். "ஆமாங்க... கொஞ்சம் மங்கல்தான்."

"நல்லதாப் போச்சு."

"என்னாங்க?"

"இல்ல, பரவால்லன்னு சொன்னேன். அத ஒண்ணும் செய்யாதீங்க. இருக்கறபடியே இருக்கட்டும். சரியா ஆறரைக்குப் பிள்ளையார் கோயிலுக்கு வந்துருங்க. ஏழரைக்கு நல்ல நேரம் முடியுது, அதுக்குள்ள மாப்ள மண்டபத்துல எறங்கியாவணும்."

போனை வைத்ததும் வெள்ளைச்சாமி வாசலில் ஒரு சுற்று சுற்றி வந்தார். லீலாவதியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா! பாத்தியாடி! எவ்வளவு பெரிய மனுசன்! இருட்டா இருந்தாலும் பரவால்ல, தாய்மாமன் காருதான் வேணும்ங்கிறாரு. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு நான் இருட்டுல கொண்டாந்து எறக்குவேனா அவரு புள்ளய? மாட்டேன்!"

"அவருதான் ஒண்ணும் செய்யாதீங்கன்னாரே?"

"நமக்குச் செரமம் குடுக்கக் கூடாதுன்னு சொல்றாருடி. அதுல இருக்கற மரியாத ஒனக்குப் புரியல."

அப்புறம் அவர் வேலை செய்த வேகத்தை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. ஹாரன் வயரை அவிழ்த்தார். துளை விழுந்த இடத்தில் டேப்பைச் சுற்றினார். ஸ்ட்ரிப்பில் மீந்திருந்த துண்டை வெட்டி, ரோஸ் காகிதம் சுற்றிச் சீட்டுக்கடியில் செருகினார். ரெண்டு வயரை நேராகப் பேட்டரியிலிருந்தே இழுத்தார். நடுவில் ஒரு சுவிட்ச் வேண்டும். படுக்கையறை ஃபேன் சுவிட்சைப் பெட்டியோடு கழற்றிக் கொண்டுவந்து கியர் பக்கத்தில் டேப்பால் கட்டினார்.

"ராத்திரிக்கு ஃபேன் எப்படிங்க போடுறது?"

"நாளைக்குக் கல்யாணம். இன்னிக்கு யாரு வூட்டுல தூங்கப் போறா?"

நாலரை மணிக்கு சுவிட்சைத் தட்டினார்.

ஆகா! மேலே வெள்ளை, சுற்றிலும் தங்க நிறம், சீட்டுக்கடியிலிருந்து மெல்லிய ரோஸ். பின்சீட்டில் துண்டு மாலையோடு உட்கார்ந்திருந்த லீலாவதி போனில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானாங்க இது?" என்றாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது. ஒரே மூச்சில் பதினாலு செல்ஃபி எடுத்தாள்.

"யாருக்கும் அனுப்பிடாத! மண்டபத்து வாசல்லதான் போடுவேன். எல்லாரும் நிப்பாங்க, மேளம் அடிக்கும், அப்ப ஒரு தட்டு! பிரசாத்து மொகத்த நீ பாக்கணும்."

ஆறரைக்குக் காரில் பூ கட்டி, பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினார். அரியலூரிலிருந்து வந்த வேன் பக்கத்தில் நின்றது. பிரசாத் தன் புதுக் காரைப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"என்னா மச்சான், டார்ச் லைட்டாச்சும் கொண்டாந்தீங்களா?"

வெள்ளைச்சாமி சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சும்மா இருப்பதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

வேனிலிருந்து மாப்பிள்ளையைக் கும்பலாகச் சூழ்ந்து கொண்டுவந்தார்கள். கோட்டு, தலைப்பாகை, மூக்கு வரைக்கும் மாலை. மூக்கைப் பொத்தியபடி கைக்குட்டை. சாமி கும்பிட்டதும் தெரியவில்லை, காரில் ஏறியதும் தெரியவில்லை, அவ்வளவு வேகம். ஆண்டவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்.

"வாங்க மாப்ள! கோயம்புத்தூர்லேர்ந்து எப்ப வந்தீங்க? லீவு குடுக்க மாட்டேங்குறாங்கன்னு சொன்னீங்களே?"

பின்னாலிருந்து, "ம்" என்று மட்டும் வந்தது.

"சளி. தொண்ட கட்டிக்கிச்சு" என்றார் ஆண்டவர். "போங்க சம்பந்தி, போங்க, நேரமாவுது."

மேளம் முன்னால் நடந்தது. கார் ஊர்ந்தது. கடைவீதியில் ஆட்கள் குனிந்து குனிந்து உள்ளே பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஒரு அம்மாள், "மாப்ள இருக்காரா இல்லியா?" என்று சத்தமாகவே கேட்டாள். ஆண்டவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். 'பாவம், கூச்சப்படுகிறார். இன்னும் ரெண்டே தெரு பொறுங்க சம்பந்தி' என்று வெள்ளைச்சாமி மனசுக்குள் சொல்லிக்கொண்டார். விரல் சுவிட்ச் மேலேயே இருந்தது.

மண்டபம் நெருங்கியதும் ஆண்டவர் குனிந்து, "சம்பந்தி, பின்வாசலுக்கு உடுங்க. மாப்ள மொகம் கழுவிட்டு வரட்டும்" என்றார்.

"பின்வாசலா? என்னாங்க பேசுறீங்க? தாய்மாமன் காரு முன்வாசல்லதான் நிக்கும்!"

"சொன்னாக் கேளுங்க..."

"நீங்க கூச்சப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

முன்வாசலில் நூறு நூற்றைம்பது பேர். மருதாயி ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றாள். லீலாவதி புருஷனைப் பார்த்து, 'போடுங்க' என்று கண்ணைக் காட்டினாள். வீடியோக்காரர் கேமராவைத் தூக்கினார். பிரசாத் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மேளம் உச்சத்துக்குப் போயிற்று.

"ஒங்க மனசுக்கு என்னால ஆனது இதுதான் சம்பந்தி!" என்று சொல்லி, வெள்ளைச்சாமி சுவிட்சை ஓங்கித் தட்டினார்.

பகலாகிவிட்டது. கார் தேர் மாதிரி ஜொலித்தது. கூட்டம் "ஓ!" என்று கத்தியது. பிரசாத் கட்டிய கையை அவிழ்த்துவிட்டான். வெள்ளைச்சாமிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தங்கையின் முகத்தைத்தான் பார்த்தார். மருதாயி ஆரத்தித் தட்டோடு கண்ணாடியருகே குனிந்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. தட்டு சாய்ந்தது. தவில்காரர் எட்டிப் பார்த்துவிட்டு அடிப்பதை நிறுத்தினார்.

"ஐயோ, நிறுத்துங்க சம்பந்தி! லைட்ட நிறுத்துங்க!" என்று ஆண்டவர் சுவிட்ச் மேல் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் சுவிட்சின் குமிழ் கையோடு வந்துவிட்டது. லைட்டு நிற்கவில்லை.

வெள்ளைச்சாமி ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில், மாலைக்கும் தலைப்பாகைக்கும் நடுவில், வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டிருந்த யாரோ ஒரு பையன், ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சிருங்க மாமா, நான் மாப்ள இல்ல, அவரு சித்தப்பா மவன்... அண்ணன் வர்ற பஸ்ஸு இன்னும் பாடாலூரே தாண்டல, ஒங்க காருன்னா ஆளு அடையாளம் தெரியாதுன்னுதான் பெரியப்பா என்னைய ஏத்தி உட்டாரு!"